காரைக்குடிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். மலை, ஏரி, காடு என்று ரோடு சைக்கிள் ஓட்ட ஆசை. இந்தப் பொட்டல் காட்டில் அதற்கு வழி இருக்கிறதா, இல்லை சைக்கிளை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். பொட்டல் என்று நீங்கள் சொல்வது சித்திரையில் பார்த்ததை வைத்து. கார்த்திகை, மார்கழியில் மழை ஓரளவு பெய்திருந்தால் இதே ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான்.

முதலில் மலை விஷயத்தை முடித்துவிடலாம். கொண்டை ஊசி வளைவு, மணிக்கணக்கில் ஏற்றம் என்றெல்லாம் எதிர்பார்த்தால் செட்டிநாட்டில் கிடையாது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், திருக்கோளக்குடி எல்லாம் தனித்தனியாக நிற்கும் பாறைக் குன்றுகள். சாலை அவற்றின் மேல் ஏறாது, பக்கமாகப் போய்விடும். தூரத்தில் குன்றக்குடி கோயில் தெரிந்தால் பாதை சரி என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் சைக்கிளை காரில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போய் சிறுமலை ஏறுங்கள், 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஆசை தீர்ந்துவிடும்.

இங்கே காலை வாங்குவது காற்று. இதை யாரும் புதிதாக வருபவருக்குச் சொல்வதில்லை. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் மேல்காற்று அடிக்கும்போது திருப்பத்தூர் சாலையில் மேற்கே மிதித்துப் பாருங்கள், மேடே இல்லாத சாலையில் மலை ஏறும்போது போடுகிற கியரைப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நான் சைக்கிள் வாங்கிய பிறகுதான் நம்பினேன். ஆனால் இந்தக் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். அதனால் அந்த மாதங்களில் இருட்டு பிரிவதற்குள் கிளம்பி மேற்கே போய்விட வேண்டும். திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நிலமும் அந்தப் பக்கம்தான் சரிகிறது, பாம்பாறும் விருசுழியாறும் கிழக்கே கடலுக்குப் போவது சும்மா இல்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டும்போது கால் கண்டுபிடித்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்ததும் கணக்கு மாறும். அப்போது வடக்கே திருமயம் பக்கம் முதலில் போய்விட்டுத் திரும்புவது சுகம். நான் வழியைத் தேர்ந்தெடுப்பது கூகுள் மேப்பைப் பார்த்து இல்லை, மாதத்தைப் பார்த்து.

சரி, மேற்கு வழி. காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிரான்மலை. போக வர நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். திருப்பத்தூர் தாண்டும் வரை வண்டிப் போக்குவரத்து இருக்கும், பிள்ளையார்பட்டியில் சுற்றுலா வேன்கள் திரும்பும் இடத்தில் கவனம். சிங்கம்புணரியை நெருங்க நெருங்க தென்னந்தோப்பும் நிழலுமாக ஊரே வேறாகிவிடும், எதிரே பிரான்மலை பெரிதாக எழுந்து நிற்கும். பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்த மனிதர் ஊர், நீங்களும் அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் மேலே ஏற வேண்டும். அடிவாரக் கோயில் தேவாரப் பாடல் பெற்றது, மலை உச்சியில் தர்கா இருக்கிறது. பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் வைத்த ஷூவோடு பாறையில் ஏற நினைக்காதீர்கள், ஒரு செருப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் மட்டும் இந்த வழி வேண்டாம். நகரத்தார் காவடியோடு பழனிக்குப் போகும் பாதயாத்திரை இதே சாலையில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று போகும், கூடவே மற்ற ஊர்க்காரர்களும் சாரை சாரையாக. அவர்கள் நடப்பதும் வெயிலுக்கு முன், நாம் ஓட்டுவதும் வெயிலுக்கு முன். இருட்டில் நடப்பவர்கள் நடுவே மெல்லிய டயரில் வேகமாகப் போவது ஆபத்து, மரியாதையும் இல்லை. உருட்டிக்கொண்டு கூடவே நடந்தால் வேறு கதை, மோரும் சுண்டலும் கொடுத்தே உங்களைத் தாமதப்படுத்திவிடுவார்கள்.

ஏரி கேட்டிருந்தீர்கள். இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள், இனி கண்மாய் என்று சொல்லிப் பழகுங்கள். பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு என்கிற உபரி நீர்ப் போக்கி வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, இப்படியே கிழக்கு வரை. கிராமச் சாலைகள் பல இடங்களில் இந்தக் கரைகளை ஒட்டியோ கரை மேலேயோதான் போகின்றன. கரைக்கு ஏறும் சின்ன மேடு, அப்புறம் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், அப்புறம் இறக்கம். நம்ம ஊர் ஏற்ற இறக்கம் இவ்வளவுதான், ஆனால் ஒரு காலையில் நிறைய வரும். நல்ல மழைக்குப் பிறகு கலுங்கில் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடினால் ஓட்டிக் கடக்க வேண்டாம். பாசி வழுக்கும், இறங்கி உருட்டுங்கள்.

பறவை பிடிக்கும் என்றால் திருப்பத்தூரிலிருந்து மேலூர் சாலையில் வேட்டங்குடி போங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவித்தது, மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் என்று கருவேல மரம் முழுக்கக் கூடு. கண்மாயை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே போய் மிதிக்காமல் உருளும்போது பின்சக்கர ஃப்ரீவீல் கடகடக்க சுற்றி வராதீர்கள். கார்த்திகை முதல் மாசி வரை போகலாம், கண்மாய் வற்றிய வருஷம் போனால் ஏமாற்றம்தான்.

காட்டுக்கு வடக்கு வழி. பள்ளத்தூர், கானாடுகாத்தான் தாண்டி திருமயம், அங்கிருந்து அரிமளம் பக்கமாகச் சுற்றித் திரும்பலாம். கானாடுகாத்தான் தெருக்கள் அகலமாக, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், மூன்று வீட்டை நீளவாக்கில் தாண்டினாலே ஓட்டுகிற திருப்தி வந்துவிடும். திருமயம் கோட்டை 1687-இல் சேதுபதி கட்டியது, காலை வெயில் விழும்போது பார்க்க வேண்டும். அரிமளம் பக்கம் காடு என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி தைலமரத் தோட்டம், வரிசை வரிசையாக. நிழல் இருக்கும், வாசனை இருக்கும், ஆனால் எனக்கு அது காடாகத் தோன்றுவதில்லை. கண்மாய்க்கு வர வேண்டிய மழைத் தண்ணீரை இந்தத் தோட்டத்து வரப்புகள் மறித்துவிடுகின்றன என்று அங்கே உள்ள விவசாயிகளுக்கு நெடுநாள் வருத்தம். நிஜமான பழைய காட்டைப் பார்க்க ஆசையா, அய்யனார் கோயில் எங்கே என்று கேளுங்கள். மண் குதிரைகள் நிற்கும் இடத்தைச் சுற்றி வெட்டாமல் விட்ட மரங்கள் இருக்கும். அங்கே ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். குடிக்கும் ஊருணியிலும் அப்படித்தான், பாட்டில் நிரப்ப வேண்டுமென்றால் செருப்போடு படியில் இறங்கக் கூடாது.

இனி சைக்கிள். 25 மில்லிமீட்டர் அகல டயர் இருந்தால் கழற்றிவிட்டு 28 போடுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால் 32. எதிரி பள்ளம் இல்லை, சீமைக்கருவேல முள். கரையோரம் வெட்டிய கிளையை இழுத்துப்போன சாலையில் ஒரு முள் போதும். உங்கள் டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடை கம்ப்ரஸர் அதில் மாட்டாது, சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். கூடவே இரண்டு டியூப், கைப்பம்பு. தை, மாசியில் அறுப்பு நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், அதன் மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் காயப்போட்ட ஆச்சி திட்டுவார், திட்டுவது நியாயம்தான், தவிர நெல்லில் மெல்லிய டயர் சறுக்கும்.

டீக்கடையில் நிறுத்தினால் இரண்டு கேள்வி நிச்சயம். “ஏந்தம்பி, இதுக்கு ஸ்டாண்டு இல்லையா?” அடுத்தது விலை. விலையை உண்மையாகச் சொல்லாதீர்கள். ஒருமுறை சொன்னேன், “அந்தக் காசுக்குப் பழைய புல்லட் ஒண்ணு எடுத்திருக்கலாமேப்பா” என்று ஆரம்பித்து, கடையில் இருந்த எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு புல்லட்டே பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது மேல்காற்று தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பி குன்றக்குடி வழியாக திருப்பத்தூர் வரை மட்டும் போய் வாருங்கள். எட்டு மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, திரும்பும் வழியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.