திருவிழாவில் ஜெயண்ட் வீலும் குதிரை ராட்டினமும் மட்டும் இன்னும் இருக்கின்றனவே, மற்ற பழைய ராட்டினங்கள் எங்கே போயின?

கேள்வி கேட்டவர் ஆடி மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொருட்காட்சிக்குப் போய் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஏறிய எதையோ தேடியிருப்பார், அது இருந்திருக்காது. ஜெயண்ட் வீல் மட்டும் எப்போதும் போல நின்றிருக்கும். இங்கே ஏற்கனவே இரண்டு பேர், "பிள்ளைகள் கையில் மொபைல் வந்துவிட்டது, பழைய ராட்டினத்தில் ஆசை போய்விட்டது" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆசை போனதால் ராட்டினம் அழிவதில்லை. லாரி வாடகை கட்டாது, ஆள் கூலி கட்டாது, ஒரு சாமான் உடைந்தால் அந்த ஊரில் கிடைக்காது. அதனால்தான் அழிகிறது. நான் இதை எங்கள் வீட்டில் பார்த்தேன்.

எங்கள் தாத்தா தொட்டில் ராட்டினம் வைத்திருந்தார். சேலத்துப் பக்கம் ராட்டினத்தூரி என்போம். ஊஞ்சலே எங்களுக்குத் தூரிதான். நான்கு மரத் தொட்டில்கள், நடுவில் இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் அதைத் தாங்க மரக் கால்கள். மோட்டார் கிடையாது, கையால்தான் சுற்ற வேண்டும். தொட்டிலுக்கு நான்கு பிள்ளைகள், ஒரு ஆட்டத்துக்கு 16 பேர். ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தொட்டிலை நிரப்பினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதைத்தான் நிரப்ப வேண்டும். எடை சமமாக இருந்தால் ஒரு ஆள் லேசாகத் தள்ளினால் போதும். ஒரு பக்கம் கனத்துவிட்டால் இரண்டு பேர் தொங்கினாலும் மேலே வராது. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தாத்தா இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பெரிய ஜெயண்ட் வீலிலும் இதே கணக்குதான். உங்களை வரிசைப்படி ஏற்றாமல் நிறுத்திவைத்து, எதிர்ப் பெட்டிக்கு முதலில் ஆள் ஏற்றினால் ஆபரேட்டரிடம் தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

அந்த ராட்டினம் மொத்தத்தையும் கழற்றினால் ஒரு சின்ன டெம்போவில் அடங்கிவிடும். இரண்டு பேர் போதும், இரண்டு மணி நேரத்தில் பூட்டி நிறுத்திவிடலாம். மாசியில் மேச்சேரி பத்ரகாளியம்மன் தேர். ஆடியில் சேலத்துக்குள்ளேயே வேலை சரியாக இருக்கும். கோட்டை மாரியம்மன், பிறகு குகை, அம்மாபேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை. குகையில் வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை நடக்கும் இரவில் விடிய விடிய சுற்றியிருக்கிறோம். மே மாதம் ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயில் திருவிழா. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜெயண்ட் வீல் ஏற்றிய நீள லாரியை அந்த வளைவுகளில் திருப்பி மேலே கொண்டுபோவது லேசான காரியமில்லை. எங்கள் டெம்போ ஏறிவிடும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் ராட்டினம். ஏறின பிள்ளை இறங்காது.

சரி, உலகத்து விஷயத்துக்கு வருகிறேன். 1893ல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெரிஸ் என்ற பொறியாளர் கட்டிய ராட்டினம் 264 அடி உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். ஒரே நேரத்தில் 2,160 பேரை ஏற்றலாம். ஜெயண்ட் வீல் என்றால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது என்ன ஆனது? கண்காட்சி முடிந்ததும் கழற்றி, சிகாகோவிலேயே வேறு இடத்தில் நிறுத்தினார்கள், நஷ்டம். 1904ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1906ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கண்காட்சியில் கூட்டம் வராமல் இல்லை. அவ்வளவு பெரியதைத் தூக்கிக்கொண்டு கூட்டம் இருக்கும் ஊருக்குப் போக முடியவில்லை. அதே சிகாகோ ராட்டினத்தைப் பார்த்துவிட்டுப் போன சல்லிவன் என்பவர், 1900ல் ஊர் ஊராகக் கழற்றி மாட்டக்கூடிய சின்ன ராட்டினம் ஒன்றைச் செய்தார். அமெரிக்கத் திருவிழாக்களில் பரவியது அந்தச் சின்ன ராட்டினம்தான். வியன்னாவில் 1897ல் கட்டிய பெரிய ராட்டினம் இன்றும் சுற்றுகிறதே என்று யாராவது கேட்கலாம். அது நகரத்துக்குள் ஒரே பூங்காவில் நிற்கிறது, கூட்டம் அதைத் தேடி வருகிறது. ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஃபெரிஸ்தான் ராட்டினத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1620லேயே பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, இன்றைய பல்கேரியாவில் ஒரு திருவிழாவில் மனிதர்கள் கையால் சுற்றும் மர ராட்டினத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அப்பாவுக்குத் தொட்டில் ராட்டினம் போதவில்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். 2004ல் கடன் வாங்கி, வெளிமாநிலத்திலிருந்து ஒரு பழைய டோரா டோரா மெஷின் வாங்கினார். கைகள் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே சுற்றுமே, அதுதான். விளக்கெல்லாம் போட்டுவிட்டால் அவ்வளவு அழகாக இருக்கும். தெருவே வந்து பார்த்தது. ஆனால் அதைத் தூக்க இரண்டு லாரி, எட்டு ஆள், தனி ஜெனரேட்டர். நிறுத்த இரண்டு நாள், பிரிக்க ஒரு நாள். கிராமத்துத் திருவிழாவே மூன்று நாள்தான். அதனால் மாதக்கணக்கில் நடக்கும் பொருட்காட்சியை மட்டுமே நம்ப வேண்டி வந்தது.

இரண்டாவது வருடம், ஆடி உச்சத்தில் இருந்த ஒரு சாயங்காலம், ஆயில் பைப் வெடித்துவிட்டது. தெய்வாதீனமாக யாருக்கும் அடி இல்லை. நான்கு பேர் புதுத்துணியில் ஆயில் பட்டது, அப்பா அவர்களுக்குக் கையோடு பணம் கொடுத்தார். அந்தப் பைப் சேலத்தில் கிடைக்கவில்லை. லேத்தில் செய்து மாட்டிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். பிள்ளைகள் ஏறும் சாமான், ஒட்டுப்போட்டு ஓட்ட மாட்டேன் என்று அப்பா மறுத்துவிட்டார். விற்றவர்களிடமிருந்தே அது வந்துசேர 11 நாள் ஆனது. அதற்குள் ஆடிக் கூட்டம் கலைந்துவிட்டது. அந்த 11 நாளும் எட்டு ஆட்களுக்குச் சோறு போட்டது, ஓரத்தில் நின்ற தாத்தாவின் தொட்டில் ராட்டினம். ஆளுக்கு ஐந்து ரூபாய்.

அடுத்த வருடம் அந்த மெஷினை எடைக்குப் போட்டோம். எடை போடும் இடத்துக்கு அப்பா வரவில்லை, நானும் சித்தப்பாவும்தான் போனோம். திரும்பி வந்ததும் நான் மெஷினைத் திட்டினேன். "மெஷினக் குத்தம் சொல்லாத கண்ணு. மூணு நாள் நோம்பிக்கு அது ஆகாது, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

டோரா டோரா வைத்து நன்றாகச் சம்பாதித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வந்து என்னோடு வாதாட வேண்டாம். சொந்த லாரியும், கையில் ஒரு செட் மாற்றுச் சாமானும் இருந்தால் அது நல்ல மெஷின்தான். ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பல் எல்லா ஊரிலும் இருப்பது ஏன் என்று பாருங்கள். அடியில் சுற்றும் டயர்தான் கப்பலின் அடிவயிற்றைத் தேய்த்துத் தேய்த்துத் தள்ளுகிறது. டயர் தேய்ந்தால் எந்த ஊரிலும் டயர் கடை உண்டு. குதிரை ராட்டினம் அழியாமல் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வேறு. பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டியும் ஏறலாம். மரணக் கிணறு குறைந்துகொண்டே வருவது கூட்டம் இல்லாமலா? அந்தப் பலகைச் சுவரில் பைக் ஓட்டும் ஆளை உருவாக்க வருடக்கணக்காகும், ஒருவர் விட்டுப்போனால் அடுத்தவர் இல்லை. அமெரிக்காவில் கோனி தீவில் நின்ற 250 அடி பாராசூட் கோபுரத்துக்கும் இதே கதிதான். ஒவ்வொரு பாராசூட்டுக்கும் தனி ஆட்கள் வேண்டும், காற்றடித்தால் நிறுத்த வேண்டும். 1960களில் ஓட்டம் நின்றது, கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது.

ஏறுகிறவர் மனசுக்கும் இதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டில்ட்-ஏ-வேர்ல் என்று ஒரு ராட்டினம், 1926ல் செல்னர் என்பவர் செய்தது. மேடு பள்ளமான தட்டில் பெட்டி எந்தப் பக்கம் எப்போது திரும்பும் என்று சொல்லவே முடியாது. அதை இயற்பியல்காரர்கள் கணக்குப் போட்டுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சுற்றுவதால் ஏறினவர் மறுபடியும் ஏறுகிறார். ஜெயண்ட் வீலில் அந்தப் புதுமைகூட இல்லை. உச்சியில் ஒரு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் சேலத்தில் இரவில் அந்த உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் ஏற்காட்டு மலையில் விளக்குகள் தெரியும். அதற்காகவே மறுபடியும் டிக்கெட் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு வீட்டில், "ராட்டினக்காரங்க வீடாமே" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் தொட்டிலில் ஏறியவர்கள்தான். தங்கைக்குப் பிறகு நல்ல இடம் அமைந்தது. ஆனால் அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை, அதை நான் மறக்கவில்லை. ஊருக்கு ஊர் ராட்டினம் வேண்டும், ராட்டினக்காரன் மட்டும் வேண்டாம் என்றால், அடுத்த தலைமுறையில் யார் இந்தத் தொழிலுக்கு வருவார்கள்? ராட்டினம் காணாமல் போக இதுவும் ஒரு காரணம்.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். தொட்டில் ராட்டினத்தைச் சித்தப்பா மகன் ஓட்டுகிறான், மே மாதம் நான்கு நாள் லீவு போட்டு நானும் அவனோடு சேர்வராயன் கோயிலுக்குப் போய்விடுவேன். பலகைகளை மூன்று தடவை மாற்றிவிட்டோம். அச்சு தாத்தா வாங்கியதுதான்.