மே மாதத்தில் குவைத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். மே மாதம் வரச் சொல்கிறான். வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. ஊரையே மூடும் புழுதிப் புயல் வீடியோக்களைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார். எப்போது போனால் நல்லது? மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு நான் இங்கே இருக்க வேண்டும். அப்புறம், பாலைவனத்தில் மணல் எப்போதும்தானே கிடக்கிறது, புழுதி மட்டும் ஏன் சில மாதங்களில் கிளம்புகிறது?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

ஆச்சி, மே வேண்டாம். ஜூன், ஜூலையும் வேண்டாம். நோன்புக்கு இழை எடுத்துவிட்டு அந்த வாரமே கிளம்புங்கள். பிப்ரவரி முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். குளிர்காலத்திலும் எப்போதாவது புழுதி வரும், ஆனால் கோடை அளவுக்கு இருக்காது.

மணல்மேடுகளுக்கும் வானத்தை மறைக்கிற புழுதிக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவு இல்லை. மேட்டு மணலில் இருந்த பொடியைக் காற்று என்றைக்கோ கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது பருமணல்; அது பலத்த காற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் எழும்பாது. புயலாக வருவது பெரும்பாலும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடத்து மண். சித்திரையில் வற்றிக் கிடக்கும் உங்கள் ஊர்க் கண்மாயின் நடுவில் நின்று வண்டலைக் காலால் தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். தெற்கு ஈராக்கில் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் விட்டுப்போன அந்த மாதிரி வண்டல் பரந்து கிடக்கிறது. அங்கிருந்த பெரிய சதுப்பு நிலங்களை 1990களில் சதாம் உசேன் அரசு வடியவைத்தது. ஆற்றின் மேல்பகுதியில் அணைகள், அடிக்கடி வறட்சி என்று பின்னால் வந்தவையும் சேர்ந்துகொண்டன. அங்கிருந்து காற்று வீசிப் போகிற திசையில்தான் குவைத் இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாகப் புழுதி கிளப்பும் இடங்களில் ஒன்றான சாட் நாட்டின் போடெலே பள்ளமும் வற்றிப்போன ஏரிதான்.

இந்தப் பொடி தானாகக் கிளம்புவதில்லை; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். காற்று மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது முதலில் நகர்வது மணல். அது துள்ளித் துள்ளித் தரையை அடிக்கும்போதுதான் பொடி விடுபட்டு மேலே போகிறது. ஆக, வண்டலும் வேண்டும், பக்கத்தில் மணலும் வேண்டும், தரை காய்ந்து மொட்டையாக இருக்கவும் வேண்டும். ஆடிக்காற்று அந்தப் போடு போட்டும் செட்டிநாட்டில் இப்படி நடக்காததற்குக் காரணம், செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடப்பது; மேலே முள்ளும் புல்லும் வேறு.

இனி மாதக் கணக்கு. ஷமால் என்னும் வடமேற்குக் காற்று ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் விடாமல் வீசும். பாகிஸ்தான், தெற்கு ஈரான் பக்கம் நிலம் கொதித்து உருவாகிற காற்றழுத்தத் தாழ்வுதான் அதை இழுக்கிறது. நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுப்பதிலும் அதே தாழ்வுக்குப் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. பகலில் வெயில் ஏற ஏற ஷமால் பலக்கும். இரவில் பெரும்பாலும் தணியும்.

வீடியோவில் சுவராக எழுந்து வருகிறதே, அது வேறு ரகம். பெயர் ஹபூப். இடிமேகத்திலிருந்து விழும் மழை, வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். அதனால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கி, தரையில் மோதி, நாலாபக்கமும் பாயும். அதன் முன்னால் புழுதி ஒரு கிலோமீட்டருக்கு மேலேகூட எழும். கோடைமழைக்குச் சற்று முன் உங்கள் கொடித்துணியை அள்ளிப்போகும் குளிர்காற்றும் இப்படி வருவதுதான். குவைத்தில் இதற்கான இடிமழைக் காலம் ஏப்ரல், மே. சொல்லாமல் வரும், சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இது போதாதென்று ஈராக் புழுதியும் மே மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும். 2022 மே மாதத்தில் ஈராக்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். குவைத்தில் விமானங்களையே நிறுத்தி வைத்தார்கள்.

ஐயாவுக்குச் சில விஷயங்கள். புழுதி நாளில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போவதில் பயனில்லை. நுண்துகள் துணிக்குள் புகுந்துவிடும். என்95 முகக்கவசம் வேண்டும். அதைவிட நல்லது வீட்டிலேயே இருப்பது. வளவு வீடு மாதிரி முற்றம் இல்லாத ஃபிளாட் இந்த ஒரு விஷயத்தில் வசதிதான்: ஜன்னலைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்துவிடலாம். காற்று நின்றதும் ஜன்னலைத் திறக்க வேண்டாம், நுண்துகள் அடங்கப் பல மணி நேரம் ஆகும். துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தினசரி இன்ஹேலரை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவராக நிறுத்தக் கூடாது. தங்கும் நாட்களுக்கான மருந்தை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.