வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தீ வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய இரவு, முறுக்கு சுடுவதற்காக வாணலியில் எண்ணெய் ஊற்றி அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, கூடத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். கருகல் வாடை வந்து எழுந்து பார்த்தால் வாணலியின் மேல் ஒரு முழ உயரத்துக்குத் தீ நின்றது. அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். அவரைத் தடுத்து நிறுத்தியதுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம்.

எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால், அது எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் இறங்கி, 300 டிகிரியைத் தாண்டிய அந்தச் சூட்டில் நொடிப்பொழுதில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை அறை முழுவதும் வாரி இறைத்துவிடும். எனவே அடுப்பை அணையுங்கள். குமிழுக்குக் கை எட்டாவிட்டால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். பிறகு வாணலியின் வாயைவிடப் பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், வெடித்துவிடலாம்.

நான் தவறியது அதற்குப் பிறகுதான். அணைந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு நிமிடத்தில் தாம்பாளத்தைத் தூக்கினேன். சூடு தணியாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மீண்டும் குப்பென்று பற்றிக்கொண்டது. வாணலி தானாக ஆறும்வரை, அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலும், திறக்கவே கூடாது. அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடவும் கூடாது. ஈரத் துணியால் மூடுவதென்றால் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்திருக்க வேண்டும். மாவை அள்ளி வீசுவது ஆபத்து, மாவுத் தூசியே பற்றி எரியும். தீ சிம்னிக்கோ அலமாரிக்கோ தாவிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

கையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எங்கள் தெருவில் இன்றும் இங்க்கும் பற்பசையும்தான் முதலில் வருகின்றன. இரண்டும் புண்ணைக் கெடுக்கும்.

தடுப்பதற்கு, எண்ணெய் வாணலியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். புகை கிளம்பினால் அதுவே எச்சரிக்கை, உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். எரிவாயு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமாகத் தரையோடு தேங்குவதால், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயை அந்தத் தீபாவளிக்கு மறுநாள் வளைத்துப் பார்த்தேன். ரெகுலேட்டரில் செருகியிருந்த முனையருகே நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.