பிப்ரவரி 29இல் பிறந்த மகள்: பிறந்த தேதியை மாற்றிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் 2024 பிப்ரவரி 29 மாலை பிறந்தாள். சுவாதி நட்சத்திரம். "நாலு வருஷத்துக்கு ஒருமுறைதானே பிறந்தநாள் வரும், பள்ளிக்கூடத்தில் மார்ச் 1 என்று கொடுத்துவிடு" என்கிறார் மாமியார். லீப் நாளில் பிறந்தால் தோஷம் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தேதியில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் வயது போதாத பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். நம் பெரியவர்கள் பலருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் உண்டு. இன்று பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்றிருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல்தான்.

18 வயது எப்போது நிறையும் என்ற சந்தேகமும் வரும். 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டத்தில் அன்றே இதற்கு உதாரணம் கொடுத்திருந்தார்கள்: 1852 பிப்ரவரி 29இல் பிறந்தவர், லீப் அல்லாத ஆண்டில் பிப்ரவரி 28 தொடங்கும்போதே வயதுவந்தவர். அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு 2042 பிப்ரவரி 28. ஓட்டுநர் உரிமம் மாதிரி காரியங்களுக்கு ஒரு நாள் பொறுத்து மார்ச் 1இல் போனால் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

சரி, கேக் எப்போது வெட்டுவது? 28 அல்லது மார்ச் 1, உங்கள் இஷ்டம். ஆனால் நம் வழக்கப்படி பார்த்தால் இந்தச் சிக்கலே கிடையாது. அவள் பிறந்தது மாசி 17. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்து ஓடுவதால் பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்பது அதற்குப் பொருட்டல்ல. 2025இல் மாசி 17, மார்ச் 1இல் வந்தது. மாசி மாதத்துச் சுவாதிதான் அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாள். ஒரு வருஷம் பிப்ரவரி நடுவில் வரும், இன்னொரு வருஷம் மார்ச் முதல் வாரத்தில் வரும். வராமல் போகாது. அன்றைக்குக் கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள், மாமியாருக்கும் திருப்தியாக இருக்கும்.

தோஷம் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் ஆதாரம் இல்லை. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் மலமாதம் என்று சுபகாரியங்களைத் தள்ளிப்போடுவார்கள். அதற்கும் லீப் ஆண்டுக்கும் சம்பந்தமில்லை. லீப் ஆண்டில் கல்யாணம் ஆகாது என்பது கிரேக்கர்களிடம் உள்ள நம்பிக்கை. யாராவது மறுபடி பேச்செடுத்தால், மதுரையில் பிறந்து கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29இல் பிறந்தவர் என்று சொல்லுங்கள். பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாயும் 1896இல் அதே தேதியில் பிறந்தவர்தான். 1900 லீப் ஆண்டு இல்லை என்பதால் பாவம், முதல் பிப்ரவரி 29க்கு எட்டு வருஷம் காத்திருந்தார்!

உங்கள் மகளுக்கு நான்கே வருஷம்தான். 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு மிட்டாய் கொண்டுபோகத் தோதான நாள்.