நிதி ஒதுக்கியும் எங்கள் மெயின் ரோடு ஏன் இன்னும் அகலமாகவில்லை?

ஊர் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சென்னைப் புறநகர், இரண்டு பக்கமும் கடைகள், ஆறு வழிச் சாலையாக்குவோம் என்று அறிவிப்பு வந்து பல வருஷம் ஆயிற்று என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மாநகராட்சி சாலை என்றால் கோப்பு போகும் வழியே வேறு.

"பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். ஊழலே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிச் சாலைகள் பெரும்பாலும் நின்றுபோவது நிலமெடுப்பில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோமீட்டர் சாலை இப்போது 18 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வழிக்குத் தலா 3.5 மீட்டர் என்றால் 21 மீட்டர். நடுத்தடுப்பு, மழைநீர் வடிகால், நடைபாதை எல்லாம் சேர்த்தால் 30.5 மீட்டர், அதாவது 100 அடி வந்துவிடும். கூடுதலாக வேண்டியது 62,500 சதுர மீட்டர், ஏறக்குறைய 6.7 லட்சம் சதுர அடி. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்றால், 2013 நிலமெடுப்புச் சட்டப்படி நகர்ப்பகுதியில் அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்ந்து 10,000 ஆகிறது. மொத்தம் 670 கோடி. பாதி புறம்போக்கு என்றாலும் 335 கோடி. இடிபடும் கட்டடத்தின் மதிப்பு இதில் வராது. இழுக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் சந்தை மதிப்பில் 12 சதவீதம் ஏறும். ஜல்லி, தார், வடிகால் செலவெல்லாம் இதன் பக்கத்தில் சிறிய தொகை. அதனால்தான் நிலத்துக்கு ஒரு நிர்வாக அனுமதி, சாலை வேலைக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். பத்திரிகையில் நீங்கள் பார்த்த தொகை எதற்கானது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் வந்த பிறகும் கிராமம் கிராமமாக எல்.பி.எஸ். தயாராக வேண்டும். எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், எத்தனை சதுர மீட்டர் என்கிற அட்டவணை அது. எஃப்.எம்.பி. என்கிற சர்வே துறையின் நில அளவை வரைபடம் ஒன்று சொல்லும், தரையில் சுவர் வேறொன்று சொல்லும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பிறகு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001இன்படி நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று உரிமையாளரைக் கேட்கும் 15(2) நோட்டீஸ், ஆட்சேப விசாரணை, அதற்கப்புறம் நிலத்தை எடுப்பதாக அரசிதழில் 15(1) அறிவிப்பு. இந்தச் சட்டத்தின் வழியாக நிலமெடுப்பதே செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுக்கச் சட்டம் போட்டது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 ஜூனில். அந்த இரண்டு வருஷம் எந்த நோட்டீஸ் நிற்கும், எது விழும் என்றே தெரியாத நிலை.

ஈ.சி.ஆரில் திருவான்மியூர் முதல் அக்கரை வரை பாருங்கள். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊர் ஊராக நிலம் எடுக்க வேண்டியிருந்ததால் ஆறு வழி வேலை பல ஆண்டுகள் இழுத்தது. கிடைத்த இடத்தில் மட்டும் அகலமாக்கினால் ஆறு வழியில் வருகிற வண்டியெல்லாம் அடுத்து வரும் குறுகலில் போய் நெரியும். அதனால் துண்டு துண்டாகச் செய்வதானால் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை முழுசாக முடிக்க வேண்டும்.

நிலம் கைக்கு வந்ததும் உடனே டெண்டர் விடக் கூடாது. மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், பில்லர் பாக்ஸ், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இவற்றை மாற்றுவதற்கு அந்தந்த வாரியத்துக்கு டெபாசிட் தொகையை முன்னாலேயே கட்ட வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு கட்டினால், புது தார் ரோட்டின் நடுவில் கம்பம் நிற்கும். வடிகாலைத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரி அல்லது கால்வாய்ப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். நிலம் கிடைத்த இடத்திலெல்லாம் கட்டி, கடைசி 50 மீட்டர் வழக்கில் நின்றால் அது வடிகால் இல்லை, தொட்டி.

அகலப்படுத்துவது மட்டுமே வழி என்றும் நினைக்காதீர்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 தரப்படி, நடுத்தடுப்புள்ள நாலு வழிச் சாலை மணிக்கு 3,600 பி.சி.யு. தாங்கும் (எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றிச் சொல்லும் அலகு இது; ஒரு கார் என்றால் 1). ஆனால் கடை வாசல்கள் நேராகச் சாலையில் திறந்தால் அதே அகலம் 2,900தான். ஓரத்தில் வண்டிகளும் நின்றால் இன்னும் குறையும். பார்க்கிங்கை எடுத்து, நடுத்தடுப்பில் தேவையற்ற திறப்புகளை மூடி, பஸ் நிறுத்தத்தைச் சிக்னலிலிருந்து தள்ளி வைத்தாலே, ஓர் அங்குல நிலமும் எடுக்காமல் இழந்ததில் நிறைய திரும்பக் கிடைக்கும். போக்குவரத்துக் கணக்கெடுப்பிலும் ஒரு தவறு நடக்கிறது. இருசக்கர வண்டிகள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு வண்டிக்கு 0.75 பி.சி.யு. போட வேண்டும். 0.5 போட்டு நெரிசலைக் குறைத்துக் காட்டிய அறிக்கையின் மேல் எந்தத் திட்டமும் சரியாக நிற்காது.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போடக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாக உத்தரவு போட்டார். ஒவ்வொரு முறையும் 5 சென்டிமீட்டர் ஏறினால், நாலு முறையில் ஒரு வீட்டுப்படி முழுகிவிடும். மழைக்கு அந்த வீட்டுக்காரர்தான் மணல் மூட்டை அடுக்க வேண்டும். இது பணப் பிரச்சினையே இல்லை, மேற்பார்வைப் பிரச்சினை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நிதி மூலத்தைப் பற்றிச் சுருக்கமாக: மாநிலத்தின் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், பெட்ரோல் டீசல் வரியிலிருந்து வரும் மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி, உலக வங்கி அல்லது ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். கடன் வந்தாலும் நிலத்துக்கான பணம் பொதுவாக மாநிலத்தின் கையிலிருந்துதான் போக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். "எப்போது முடியும்" என்று கேட்டால் "பணி நடைபெற்று வருகிறது" என்று 30 நாளில் ஒரு வரி வரும். கிராமவாரியாக 15(2), 15(1) முடிந்த பரப்பு எவ்வளவு, வாரியங்களுக்கு டெபாசிட் கட்டிய தேதி என்ன, வடிகால் எந்த நீர்நிலையில் சேர்கிறது என்று கேளுங்கள்.