மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் மடிக்கணினி, பொத்தானை அழுத்தி நான்கைந்து நிமிடங்கள் கழிந்த பிறகுதான் வேலைக்குத் தயாராகிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் வட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார் பழுதுபார்ப்பவர். பழைய கணினிக்குச் செலவழிப்பது வீண் என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: அதைக் கணினியிடமே கேட்டுவிடலாம். விண்டோஸ் திறந்து, வழக்கம்போல் அது திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி (ரேம்), டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலையில் இருக்கிறது என்பது தெரியும். சிபியு பத்திலோ இருபதிலோ இருக்க, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டிலேயே நெடுநேரம் நின்றால், பழுதுபார்ப்பவர் சொல்வது சரி.

மடிக்கணினிகளில் வந்த ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டியிருப்பதால், வட்டில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு நூறுகூட அதனால் எடுத்துத்தர முடிவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. எஸ்எஸ்டியில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லை. அதே வேலையை அது வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். நான்கைந்து நிமிடக் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

டிஸ்க் அமைதியாக இருந்து மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் கதை வேறு. 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினியில் எஸ்எஸ்டி ஓரளவுக்குத்தான் உதவும்; கூடுதல் ரேம் பொருத்த இடமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு (வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியுவும் வேண்டும். எட்டு ஆண்டுப் பழமையான கணினி இந்த எல்லையின் எந்தப் பக்கமும் இருக்கலாம். வெளிப்பக்கம் இருந்தால் எஸ்எஸ்டியால் அந்தக் குறை தீராது. விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறத் தயார் என்றால் மட்டும் இந்தச் செலவைப் பரிந்துரைப்பேன்.

கேள்வி: பெட்டிகளின் மேல் 550, 3500, 7000 என்று வேகத்தைப் போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் கணினியின் வயிற்றுக்குள் என்ன ஸ்லாட் இருக்கிறது என்று பாருங்கள். பலரும் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். இப்போது இருப்பது சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் சேரும் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் என்றால், அதே வடிவில் 7 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும் சாட்டா எஸ்எஸ்டி அந்த இடத்திலேயே உட்காரும். சாட்டா இணைப்பின் உச்சவரம்பே வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்தான்; அதற்கு மேல் எந்த நிறுவனத்தாலும் தர முடியாது.

சில கணினிகளில் ஹார்டு டிஸ்க்குடன் எம்.2 என்ற காலி ஸ்லாட்டும் இருக்கும். இதில் பொருத்துவது 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு மெல்லிய பலகை. 2280 என்று அதன் மேல் அச்சிட்டிருப்பது இந்த அளவைத்தான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இணைப்பு வகையும் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ பலகை சில வேளை ஒழுங்காகச் செருகிக்கொள்ளும். ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஆகவே கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள சர்வீஸ் கையேட்டில் எந்த வகை என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். எம்.2 பலகையைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, மறுமுனையை ஒரு கடுகளவுத் திருகால் இறுக்க வேண்டும். அந்தத் திருகு எஸ்எஸ்டியின் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பதில்லை, காலி ஸ்லாட்டிலும் எப்போதும் இருப்பதில்லை. திறந்து வைத்துக்கொண்டு தேடுவதைவிட முன்கூட்டியே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

இனி வேகம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த நல்ல எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 550இலிருந்து 3500க்கோ 7000க்கோ போவது, கடிதம் எழுதுவோருக்கும் கணக்குப் பார்ப்போருக்கும் அநேகமாகத் தெரியாது; பெரிய காணொளிக் கோப்புகளைத் தொகுப்பவர்களுக்கே அது பயன்படும். மிச்சப்படும் பணத்தைக் கொள்ளளவில் போடுங்கள். பெட்டியில் பார்க்க வேண்டிய இன்னொன்று, டிஎல்சியா (ஒரு நினைவறையில் மூன்று பிட்) க்யூஎல்சியா (நான்கு பிட்) என்பது. மலிவான க்யூஎல்சி டிரைவ்கள் சிலவற்றில் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால், தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பியதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும்.

கேள்வி: எஸ்எஸ்டி தேய்ந்து போகும் என்கிறார்களே?

பதில்: தேயும், ஆனால் உங்கள் பயன்பாட்டில் அது கவலைப்பட வேண்டிய அளவல்ல. எழுதும் அளவுக்கு வரம்பாக 300 டெராபைட் என்று குறித்திருந்தால், நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அதை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உத்தரவாதமும் பொதுவாக இத்தனை ஆண்டு அல்லது இத்தனை டெராபைட், எது முந்துகிறதோ அதுவரை என்றே இருக்கும். எனக்குள்ள கவலை வேறு: ஹார்டு டிஸ்க் பழுதாகும் முன் பல வேளை டக் டக்கென்று சத்தமிட்டோ மெதுவாகியோ எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை காணாமல் போகலாம், அதிலிருந்து கோப்புகளை மீட்பதும் கடினம். அதனால் வேறொரு டிரைவில் நகல் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: மாற்றும்போது என் கோப்புகளும் விண்டோஸும் போய்விடுமா? விண்டோஸை மறுபடியும் விலைக்கு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை. கணினியோடு வந்த விண்டோஸின் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க்கை மாற்றுவதால் அது பறிபோகாது. புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி இணைப்பான் வழியாகச் சேர்த்து, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு குளோன் செய்துகொள்ளலாம். புதியது கொள்ளளவில் சிறியதாக இருந்தாலும், நிரம்பியிருக்கும் பகுதி அதில் அடங்கினால் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கும். டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலிலேயே பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பழைய டிஸ்க்கில் பழுதான பகுதிகள் இருந்தால் குளோன் பாதியில் நின்றுவிடக்கூடும். அப்போது கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல்.

கழற்றும்போது பேட்டரி இணைப்பை முதலில் விடுவியுங்கள். அடிப்பக்கத் திருகுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகை எங்கே எடுத்தீர்களோ அங்கேயே அதைக் குத்தி வைத்தால் திரும்ப மூடும்போது தடுமாற்றம் இராது. பழைய ஹார்டு டிஸ்க்கை இரண்டு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: 16 டிபி கையடக்க எஸ்எஸ்டி ஒன்று மிகக் குறைந்த விலையில் விளம்பரத்தில் வருகிறது. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டே இருப்பது வழக்கம். 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பின் நீங்கள் போடும் கோப்புகள் பெயரளவில் தெரியும், திறக்காது. 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது மட்டும் மோசடியல்ல, எண்ணும் முறையிலுள்ள வேறுபாடு. சந்தேகத்துக்குரியதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். சோதனை முடியப் பல மணி நேரம், சில வேளை நாள் கணக்கில்கூட ஆகும். பொருளைத் திருப்பியனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.