ஈலை டெர்ரியின் மரச் சக்கரங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கடிகாரக் கைவினைஞர் ஈலை டெர்ரி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டேனியல் பர்னப்பிடம் பித்தளைக் கடிகார வேலையைக் கற்றவர், பின்னர் மரச் சக்கரங்களை ஆயிரக்கணக்கில் செய்து மலிவாக விற்றது, கற்ற தொழிலிலிருந்து இறங்கியது ஆகாதா? அவரை ஆலை முதலாளி என்பதுதானே பொருத்தம்?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

டெர்ரி வாழ்ந்த அமெரிக்க மாநிலமான கனெக்டிகட்டில் பித்தளை விலை கூடுதலாக இருந்ததால், டெர்ரிக்கு முன்பே சிலர் மரத்தில் கடிகாரம் செய்துவந்தனர். கைத்திறன் போதாமல் அவர் மரத்துக்குப் போகவில்லை. சூரியனின் போக்கைக் கொண்டு அறியும் சூரிய நேரத்தையும், நாள்தோறும் சீராக ஓடும் சராசரி நேரத்தையும் ஒருங்கே காட்டும் கடிகாரத்துக்கு 1797-இலேயே, தம் 25 வயதில், காப்புரிமை பெற்றவர் அவர்.

வாட்டர்பரியின் எட்வர்ட் போர்ட்டர், லீவை போர்ட்டர் இருவருக்கும் மூன்று ஆண்டுகளில் 4,000 கடிகாரங்களின் உள்ளமைப்பை, ஒன்று 4 டாலர் வீதம், செய்து தர அவர் ஒப்புக்கொண்டபோது பலரும் அதை நடவாத காரியம் என்றே நினைத்திருப்பார்கள். முதல் ஆண்டு முழுவதையும் அவர் நீர்விசையில் ஓடும் எந்திரங்களை அமைப்பதிலேயே செலவிட்டார். அந்த ஓராண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கையால் செய்பவர் ஒரு சக்கரத்தை அதன் இணையோடு சேர்த்துப் பார்த்து, அரத்தால் ராவி ராவிப் பொருத்துவார். அது அந்த ஒரு கடிகாரத்துக்கே உரியது. டெர்ரியின் பட்டறையிலோ, குவியலிலிருந்து எந்தச் செர்ரி மரச் சக்கரத்தை எடுத்தாலும் எந்த ஓக் பலகைச் சட்டத்திலும் அது சுழல வேண்டும். அரம் பிடித்த கையின் நுட்பம் அளவுகோலுக்கும் எந்திரத்துக்கும் இடம் மாறியதே தவிர, குறைந்துவிடவில்லை. 1810-க்குள் ஒப்பந்தத்தை முடித்து, தம்மிடம் வேலை பார்த்த சேத் தாமஸ், சைலஸ் ஹோட்லி இருவரிடமும் ஆலையை விற்றார்.

அதற்குப் பின் செய்ததே அவருடைய சிறந்த வேலை என்பேன். பழைய கடிகாரங்களில், கயிற்றில் தொங்கிச் சக்கரங்களை ஓட்டும் எடை இறங்குவதற்கு ஆளுயரப் பெட்டி தேவைப்பட்டது. 1816-இல் காப்புரிமை பெற்ற சிறிய கடிகாரத்தில் அவர் கயிற்றை மேலே கொண்டுபோய், பெட்டியின் உச்சியிலிருந்த கப்பிகளில் திருப்பி, இருபுறமும் எடைகளைத் தொங்கவிட்டார். சக்கர வரிசையையும் அதற்கேற்ப மாற்றினார். சுமார் இரண்டரை அடி உயரப் பெட்டிக்குள் கடிகாரம் 30 மணி நேரம் ஓடியது.

ஈரக்காற்றில் மரம் உப்பும் என்பது உண்மையான குறைதான்; 1830-களின் இறுதியில் மலிவான பித்தளைத் தகடு வந்ததும் மரக் கடிகாரத்தின் காலம் முடிந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் முதலாளி, வேண்டிய பொருள் சேர்ந்த பின்னும் பட்டறையை விடவில்லை. முதுமையில் கோபுரக் கடிகாரங்களையும் தனிக் கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்.